கிரியாட்டினின் 6.9: இரண்டு டாக்டர்கள், இரண்டு பதில்கள்

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 77 வயது. 25 வருடமாகச் சர்க்கரை. 2016-ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். போன மாதம் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் சுருங்கும் திறன் 40 சதவீதம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் எட்டு மாதத்துக்கு முன் 5.6, மூன்று மாதத்துக்கு முன் 6.3, இப்போது 6.9. பொட்டாசியம் 5.2, ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 18, ஹீமோகுளோபின் 9.1. மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையை இப்போது மருமகன் பார்த்துக்கொண்டாலும், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார். கணக்கு நோட்டு இன்னும் அவர் கையெழுத்தில்தான். சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது. வாந்தி, மூச்சுத்திணறல் இல்லை.

திருச்சியில் பார்த்த சிறுநீரக மருத்துவர், "இந்த வாரமே அட்மிட் ஆகுங்க, கழுத்துல டியூப் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிச்சுடலாம்" என்றாராம். தஞ்சாவூரில் பார்த்தவர், "இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை மாத்தித் தரேன், மூணு வாரம் கழிச்சு வாங்க" என்றாராம். ஷார்ஜாவிலிருக்கும் அண்ணன், "காசைப் பார்க்காதே, உடனே ஆரம்பி" என்கிறார். அம்மாவோ, "மெஷின்ல போட்டா அப்புறம் விடவே முடியாதாம். எதிர்வீட்டுக்காரர் மூணே மாசத்துல போயிட்டாரே" என்று அழுகிறார். அப்பாவிடம் "ரத்தத்துல கொஞ்சம் உப்பு ஏறியிருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வாசகியின் கேள்விகள் இவை: யார் சொல்வது சரி? முதல் டாக்டர் பணத்துக்காகச் சொல்கிறாரா? காத்திருந்தால் அப்பாவை நானே கொன்றதாக ஆகிவிடுமா? என் கிட்னியைக் கொடுக்கலாமா? உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அன்புள்ள சகோதரிக்கு,

தேதி போட்டு ரிப்போர்ட்டுகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பாதி டாக்டர்களுக்கு முதல் நாள் கிடைக்காத தகவல் இது. ஆனாலும் உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் ஆரம்பி, ஆரம்பிக்காதே என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் சிறுநீரக மருத்துவத் துறையில் இப்படிப்பட்ட முடிவை எப்படி எடுக்கிறோம் என்று சொல்கிறேன். அதை வைத்து அந்த இரண்டு டாக்டர்களிடமும் நீங்களே கேட்க முடியும்.

கிரியாட்டினினை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை

6.9 என்ற எண்ணைப் பார்த்துத்தான் வீடே பதறியிருக்கிறது. உங்கள் அப்பாவின் வயதுக்கு அது சுமார் 8 சதவீதச் சிறுநீரகத் திறன் என்று கணக்கு வரும். குறைவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணுக்காக மட்டும் டயாலிசிஸ் ஆரம்பிப்பதைச் சிறுநீரக மருத்துவம் எப்போதோ விட்டுவிட்டது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குத் திறன் 10 முதல் 14 வரை இருக்கும்போதே டயாலிசிஸ் தொடங்குவது, இன்னொரு பிரிவினருக்கு 5 முதல் 7 வரை இறங்கும்வரை பொறுப்பது என்று திட்டம். யார் அதிக நாள் இருந்தார்கள் என்று பார்த்தால், இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் பாதிக்கதைதான். பொறுத்திருந்த பிரிவில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அந்த 7-ஐத் தொடுவதற்கு முன்பே தொந்தரவுகள் வந்து டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருந்தது. அதோடு, அவர்கள் எல்லோரும் ஒழுங்காக மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள், சராசரி வயது 60-ஐ ஒட்டியது. ஆகவே காத்திருக்கலாம், ஆனால் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்க வேண்டும்.

என் அறைக்கு இப்படி ஒருவர் வந்தால், ஃபைலைத் திறப்பதற்கு முன் கேட்பது சாப்பாட்டைப் பற்றி. காலையில் பல் துலக்கும்போது குமட்டுகிறதா? நாக்கில் இரும்பு மாதிரி ருசி தெரிகிறதா? மீன் குழம்பு வாசனை இப்போது பிடிக்காமல் போய்விட்டதா? ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? உடம்பு அரிக்கிறதா? பகலில் தூங்கி வழிகிறாரா? பேச்சில் குழப்பம் உண்டா? அடுத்து, காலை அழுத்திப் பார்ப்பேன், நெஞ்சில் ஸ்டெத் வைத்து இதயத்தைச் சுற்றி உரசும் சத்தம் இருக்கிறதா என்று கேட்பேன். நீர் மாத்திரைக்கு அடங்காமல் நுரையீரலில் நீர் கோப்பது, மருந்துக்கு இறங்காத பொட்டாசியம், இதய உறையில் அழற்சி, நினைவு தடுமாறுவது, இவற்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே டயாலிசிஸ் தேவை. அங்கே விவாதத்துக்கு இடமில்லை.

நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. பொட்டாசியம் 5.2 என்பது கவனிக்க வேண்டிய அளவு, இன்றிரவே ஓட வேண்டிய அளவல்ல. பைகார்பனேட் 18-க்கு மாத்திரை உண்டு. ஹீமோகுளோபினுக்கு ஊசி உண்டு. இந்த இரண்டையும் சரிசெய்தாலே சோர்வும் பசியின்மையும் ஓரளவு விலகும். தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை மாற்றியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கிரியாட்டினின் இல்லை, கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த மூன்று விஷயங்கள். சூடு தணிய தினமும் இளநீர் கொடுக்கிறீர்கள். அண்ணி சொன்னதால் நீர்முள்ளிக் கஷாயம் கொடுக்கிறீர்கள். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் வாரம் இரண்டு, மூன்று போகிறது. இந்த நிலையில் இளநீர் பொட்டாசியத்தை விறுவிறுவென்று ஏற்றிவிடும். நீர் பிரிவதற்கான கஷாயங்களிலும் அந்த ஆபத்து உண்டு. டைக்ளோஃபெனாக் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சத் திறனையும் தின்றுவிடும். மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புக்குப் பதில் இந்துப்பு போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பெரும்பாலும் அதே உப்புதான், அதிலும் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் சேர்ப்பது பொட்டாசியம் உப்பு.

இரண்டு டாக்டர்கள் ஏன் மாறுபட்டார்கள்

பணம் ஒரு காரணமாக இருக்கவே முடியாது என்று என் துறைக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் கருத்து மாறினாலே ஒருவர் திருடர் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நுரையீரல் முழுக்க நீரோடு, வாயில் நுரை தள்ள, ஆம்புலன்சில் வந்த முதியவர்களைப் பார்த்த டாக்டர் முன்கூட்டியே தொடங்கத்தான் சொல்வார், அதிலும் இதயத் திறன் 40 என்று தெரிந்தால். கழுத்து டியூபில் கிருமி புகுந்து, நடந்து வந்தவர் ஐ.சி.யூ.வில் முடிந்ததைப் பார்த்தவர் தள்ளிப்போடச் சொல்வார். இரண்டு பயமும் நியாயமானவை. நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், சொன்ன தேதிக்குத் திரும்பி வருவீர்களா என்பதையும் நாங்கள் மனதுக்குள் கணக்குப் போடுகிறோம். கிராமத்திலிருந்து வந்த குடும்பம், இனி எப்போது வருமோ தெரியாது என்று நினைக்கும் டாக்டர் இன்றைக்கே அட்மிட் செய்யப் பார்ப்பார்.

நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு கேள்வியும் உண்டு. 'இவர் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?' உலகம் முழுக்க இந்தத் துறையில் பலர் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. ஆச்சரியப்பட மாட்டேன் என்று மனம் சொன்னால், பேச்சை வேறு மாதிரி நடத்த வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பேச்சுக்கு அரை மணி நேரம் வேண்டும். வெளியே நாற்பது பேர் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். 'டியூப் போடலாம்' என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

முதல் டாக்டரிடம் திரும்பிப் போய்ச் சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வாரமே ஆரம்பிக்கணும்னு சொல்றீங்களே சார், அப்பாகிட்ட எந்த அறிகுறியைப் பார்த்துச் சொல்றீங்க?" நுரையீரலில் நீர் கேட்டது, நெஞ்சில் உரசல் கேட்டது என்று குறிப்பாகப் பதில் வந்தால் அவரை நம்புங்கள். "கிரியாட்டினின் ஏழாயிடுச்சும்மா" என்பது மட்டும்தான் பதில் என்றால், தஞ்சாவூர் டாக்டர் பக்கம் சாய்வேன். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள், மறுத்தால் வரும் விளைவு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு பெறுவதுதான் செல்லுபடியாகும் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரிப்போர்ட் நகல்களும் உங்கள் உரிமை. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

தஞ்சாவூர் டாக்டர் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. காத்திருக்கச் சொன்னவர், எதற்குத் தயாராகிக்கொண்டு காத்திருப்பது என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் சொல்லி நீங்கள் விட்டிருக்கலாம். ஆயத்தம் இல்லாத காத்திருப்பு கடைசியில் கழுத்து டியூபில்தான் கொண்டுபோய் விடும்.

மூன்று பாதைகள்

முதலாவது, மெஷின் வழி டயாலிசிஸ். முறைப்படி வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நம் ஊரில் செலவுக்கும் தூரத்துக்கும் பயந்து இரண்டோடு நிறுத்துபவர்கள் நிறையப் பேர். இதற்குச் சிறந்த வழி கையில் ஃபிஸ்டுலா. மணிக்கட்டிலோ முழங்கைக்கு அருகிலோ ரத்தக்குழாய்கள் இரண்டை இணைக்கும் சின்ன அறுவை சிகிச்சை. நன்றாக வேலை செய்யும் ஃபிஸ்டுலா மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். ஊசி குத்தத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், வயதான சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கூடுதலாகலாம், சிலருக்குத் தேறாமலேயே போகலாம். அதனால்தான் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கிறது. ஃபிஸ்டுலா போட்டுவிட்டால் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டதாக அர்த்தமில்லை. எக்கோ ரிப்போர்ட்டை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். பலவீனமான இதயத்துக்கு ஃபிஸ்டுலாவின் கூடுதல் ரத்த ஓட்டமும் ஒரு சுமை.

இரண்டாவதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம். வயிற்று வழி டயாலிசிஸ், அதாவது சி.ஏ.பி.டி. வயிற்றில் ஒரு மென்மையான குழாய் பொருத்தி, பையிலுள்ள திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை. வீட்டிலேயே செய்யலாம். மெஷினில் ஏற்படும் திடீர் பிபி இறக்கம் இதில் இல்லை என்பதால் 40 சதவீத இதயத்துக்கு இது இதமானது. கல்லாவுக்கும் போய்வரலாம். ஆனால் சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் கிருமி புகும். பை மாற்றும் கை யாருடையது? 72 வயது அம்மாவின் கண் பார்வை எப்படி? அடுத்த தெருவில் இருக்கும் உங்களால் தினமும் வர முடியுமா? இதை உணர்ச்சிவசப்படாமல் யோசியுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மெஷின் டயாலிசிஸுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அண்ணன் பணம் அனுப்பினாலும் இதைக் கேட்டு வையுங்கள், இது ஒரு மாதச் செலவு இல்லை.

மூன்றாவது, டயாலிசிஸ் இல்லாத சிகிச்சை. இதைச் சொன்னாலே 'கைவிட்டுட்டாங்க' என்று நம் வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. பிபி, ரத்தசோகை, அரிப்பு, வீக்கம், மூச்சு எல்லாவற்றுக்கும் மருந்து தொடரும், டாக்டரும் தொடர்ந்து பார்ப்பார், மெஷின் மட்டும் இருக்காது. 75 வயது தாண்டி, கூடவே இதய நோயும் உள்ளவர்களுக்கு டயாலிசிஸால் கிடைக்கும் கூடுதல் ஆயுள் மிகக் குறைந்துவிடுகிறது என்று பிரிட்டனில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றிய 2009 ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். முன்பிருந்த அளவு தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் 13 சதவீதம்தான். உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். எழுந்து கடைக்குப் போகிறவர். அதனால் அந்த எண்களை அப்படியே அவர் மேல் பொருத்தாதீர்கள். டயாலிசிஸ் உப்பையும் நீரையும் எடுக்கும், போன தெம்பை எல்லோருக்கும் திருப்பித் தராது என்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் கிட்னி பற்றி: மகள் கொடுப்பதை 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் அனுமதிக்கிறது. தடை சட்டத்தில் இல்லை, அப்பாவின் இதயத்தில் இருக்கிறது. இந்த வயதில், இந்த எக்கோவோடு, பெரும்பாலான மையங்கள் முன்வர மாட்டா. உங்கள் அன்பை இந்த வழியில் நிரூபிக்க வேண்டியதில்லை. சர்க்கரை உள்ள குடும்பம், உங்கள் சர்க்கரையையும் சிறுநீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயம்

'ஆரம்பித்தால் விட முடியாது' என்பதில் பாதி உண்மை. சிறுநீரகம் திரும்ப வராது என்பதால்தான் டயாலிசிஸ் தொடர்கிறது, மெஷின் உடம்பைப் பழக்கப்படுத்திவிடுவதால் அல்ல. நிறுத்தவும் முடியும். நிறுத்திய பிறகு சிறுநீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொதுவாக ஒரு வாரம், பத்து நாள். எதிர்வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வயதானவர்களுக்கு முதல் மூன்று மாதம்தான் மிக ஆபத்தான காலம் என்பது நிஜம். அவசரத்தில் கழுத்து டியூபோடு தொடங்குபவர்களுக்கு அது இன்னும் கடுமை.

தயங்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லும் நடுவழி ஒன்று உண்டு. மூன்று மாதம் செய்து பார்ப்போம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது. எது நடந்தால் தொடர்வது, எது நடந்தால் நிறுத்துவது என்பதையும் அன்றைக்கே எழுதிக்கொள்வது. 'கடைக்குப் போய் உட்கார முடிந்தால் தொடரலாம், எழுந்து பாத்ரூம் போகக்கூட முடியாமல் போனால் நிறுத்தலாம்' என்ற மாதிரி. நிறுத்தும் பேச்சைத் தொடங்கும்போதே பேசுவது கல்நெஞ்சாகத் தோன்றலாம். பேசாத குடும்பங்கள் படும் பாட்டை ஐ.சி.யூ. வாசலில் தினமும் பார்க்கிறேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் கேட்டீர்களா?

நான்கு பக்கக் கடிதத்தில் அண்ணன் என்ன சொன்னார், அம்மா என்ன சொன்னார், அண்ணி என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. கணக்கு நோட்டை இன்னும் கையில் வைத்திருக்கும் மனிதரிடம் அவர் உடம்பின் கணக்கை மறைக்கிறீர்கள். மறைத்தது பாசத்தால், சரி. ஆனால் அவருக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரே வாரத்தில் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் கூட்டிப்போனால் எந்த மனிதருக்கும் புரியும்.

அவர் தெளிவாக இருக்கிறார், எனவே சட்டப்படியும் முடிவு அவருடையது. அவர் வேண்டாம் என்று சொன்னால் அது தற்கொலை இல்லை, நீங்கள் கொன்றதாகவும் ஆகாது. சுயநினைவுள்ள ஒருவர் சிகிச்சையை மறுக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் காமன் காஸ் வழக்கில் உறுதி செய்தது. தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் நடைமுறையை 2023-ல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றும் ஆக்கியது.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், "அப்பா, டாக்டர் உங்க கிட்னி ரொம்பப் பலவீனமாயிடுச்சுன்னு சொல்றார். மேற்கொண்டு என்ன செய்யறதுன்னு உங்களைக் கேக்காம நாங்க முடிவு பண்ண மாட்டோம். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். முழுவதும் சொல் என்பார், அல்லது நீயே பார்த்துக்கோ என்பார். இரண்டும் அவர் முடிவுதான். பிறகு எது இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்று கேளுங்கள். கடையா, பேத்தி கல்யாணமா, ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுக்காமல் இருப்பதா? அந்தப் பதிலை அண்ணனுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம், வீடியோ காலில் அப்பாவே சொல்லட்டும்.

என் அப்பாவாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். இந்த அறிகுறிகளோடு இந்த வாரம் கழுத்து டியூப் போட விடமாட்டேன். அவர் டயாலிசிஸ் வேண்டும் என்றால் வயிற்று வழிக்குத் தகுதியா என்று முதலில் பார்ப்பேன், இல்லையென்றால் ஃபிஸ்டுலாவுக்கு இந்த மாதமே நாள் குறிப்பேன். வேண்டாம் என்றால் அவரோடு வாதாட மாட்டேன். ஆனால் அது என் அப்பா. உங்கள் அப்பா வேறு மனிதர்.

உடனே செய்ய வேண்டியவை

அப்பா எழுதுவது வலக்கை என்றால், இடக்கையில் இனி யாரும் ரத்தம் எடுக்கவோ வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடவோ விடாதீர்கள். பின்னால் ஃபிஸ்டுலாவுக்கு அந்த ரத்தக்குழாய் வேண்டும். லேபில் நீங்களே சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து அவர் நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். தஞ்சாவூர் டாக்டர் சொன்ன மூன்று வாரத்தை நான்காக்காதீர்கள். போகும்போது அப்பாவையும் உள்ளே அழைத்துப் போங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும், கஷாயப் பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இடையில், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, இரண்டு நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, சிறுநீர் சட்டென்று குறைந்தாலோ, கை கால் துவண்டு நெஞ்சு படபடத்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, விக்கல் நாள் முழுக்க நீடித்தாலோ, அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். மூச்சு, படபடப்பு, குழறல் என்றால் நேரே 108-ஐ அழையுங்கள். மற்றவற்றுக்கு அன்றைக்கே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். எது உங்களுக்குப் பக்கம், ராத்திரியில் அங்கே டயாலிசிஸ் டெக்னீஷியன் இருப்பாரா என்பதை இப்போதே விசாரித்து, போன் நம்பரைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.